திபிலீசியில் உட்கார்ந்து ஐரோப்பாவைப் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவையும் பாதுகாப்புக் கொள்கையையும் இரண்டு வருட முதுகலையாகப் படித்து முடித்தேன். அன்றிலிருந்து ஊரிலிருந்தும் தெரிந்தவருக்குத் தெரிந்தவரிடமிருந்தும் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. தனித்தனியாகப் பதில் தட்டிக் கை ஓய்ந்துவிட்டது. எனவே எல்லாவற்றையும் இங்கே மொத்தமாகப் போடுகிறேன்.

ஐரோப்பாவைப் பற்றிப் படிக்க ஐரோப்பாவுக்கே போகலாமே, ஜார்ஜியா எதற்கு?

போகலாம். பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் 1949 முதல் இதற்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது. போலந்தின் நத்தோலினில் அதன் இன்னொரு வளாகம் 1992 முதல் நடக்கிறது, 2024இல் அல்பேனியாவின் திரானாவிலும் ஒன்றைத் திறந்தார்கள். இடமும் உதவித்தொகையும் கிடைத்தால் யோசிக்காமல் போங்கள், நான் தடுக்கவில்லை.

ஆனால் அங்கே ஒன்றியத்தை வீட்டுக்குள் இருந்து படிப்பீர்கள். எந்தக் குழு எப்போது கூடும், எந்த உடன்படிக்கையில் எந்தப் பிரிவு எந்த அதிகாரத்தைத் தருகிறது என்பதெல்லாம் அங்கே தண்ணீர்பட்ட பாடு. இங்கே வாசலில் காத்திருப்பவர்களோடு நின்று படிக்கிறீர்கள். "ஆழ்ந்த கவலை கொள்கிறோம்" என்று ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸிலிருந்து ஓர் அறிக்கை வந்தால் அங்கே அது கோப்பில் சேரும் ஒரு தாள். இங்கே எனக்கு வாடகைக்கு விட்டிருந்த பாட்டி அதை டிவியில் பார்த்துவிட்டு, சமையலறைக்கு வந்து, நீ இதைத்தானே படிக்கிறாய், இவர்கள் ஏதாவது செய்வார்களா மாட்டார்களா, அதை மட்டும் சொல் என்று கேட்பார். பதில் தெரியாமல் முழித்தபடியே என் முதல் செமஸ்டர் போனது.

ஜார்ஜியாவுக்கு டாக்டருக்குப் படிக்கத்தானே போவார்கள்?

ஆமாம், இந்திய மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் மருத்துவம்தான், தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் நிறையப் பேர். அதனால் சாம்பார் பொடிக்குக் கவலை இல்லை, ஆனால் உங்கள் வகுப்பில் நீங்கள் தனிமரம்.

அமெரிக்காவில் இருக்கும் ஜார்ஜியா மாநிலம் வேறு. இதையும் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் ஒருவர் என்னிடம் அட்லாண்டாவில் வாடகை எவ்வளவு என்று கேட்டார்.

போர் நடந்த நாடாயிற்றே, அம்மா விடமாட்டார்கள். பாதுகாப்பா?

திபிலீசியில் நடுராத்திரி தனியாக நடந்து வந்திருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. அம்மாவிடம் அதைச் சொல்லுங்கள். உங்களுக்கு மட்டும் மீதியையும் சொல்கிறேன். நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அரசின் கட்டுப்பாட்டில் இல்லை. அப்காசியா, தெற்கு ஒசேத்தியா என்ற அந்த இரண்டு பகுதிகளிலும் ரஷ்யப் படை இருக்கிறது. திபிலீசியிலிருந்து மேற்கே போகும் பிரதான நெடுஞ்சாலையில் ஓரிடத்தில், ரஷ்யக் காவலர்கள் நிற்கும் கோடு சாலையிலிருந்து சில நூறு மீட்டர்தான். பேருந்தில் போகும்போது யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள், பழகிவிட்டது. 2023 நவம்பரில் கோரி மாவட்டத்தின் கிர்பாலி கிராமத்துக்கு அருகே, கோயிலுக்குப் போன ஒரு ஜார்ஜியரை ரஷ்யக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். அன்று பேருந்தில் எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

நகரத்துக்குள் இன்றைக்கு இருக்கும் ஆபத்து வேறு வகை, அது ஆர்ப்பாட்டம். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

2008இல் என்ன நடந்தது, சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முயற்சி செய்கிறேன், ஆனால் இங்கே சுருக்கம் என்றாலே சண்டை. சோவியத் ஒன்றியம் உடைந்தபோது இரண்டு பகுதிகளிலும் போர் நடந்தது. 1992-93 அப்காசியப் போரில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜார்ஜியர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அப்புறம் பதினைந்து வருடம் அரைகுறை அமைதி. 2008 ஆகஸ்ட் 7 இரவு தெற்கு ஒசேத்தியாவின் ஸ்கின்வாலி நகரை ஜார்ஜியப் படை தாக்கியது, ரஷ்யப் படை உள்ளே இறங்கியது, ஐந்தே நாளில் கோரி வரை வந்துவிட்டது. அப்போது ஒன்றியத்தின் சுழற்சித் தலைமை பிரான்ஸிடம் இருந்ததால் அதிபர் சர்க்கோசி பறந்து வந்து, 12ஆம் தேதி ஆறு அம்சப் போர்நிறுத்தத்துக்கு இரு தரப்பையும் சம்மதிக்க வைத்தார். ஆகஸ்ட் 26இல் இரண்டு பகுதிகளையும் தனி நாடுகளாக ரஷ்யா அங்கீகரித்தது. உலகில் பின்னால் போனவை விரல்விட்டு எண்ணும் சில நாடுகளே.

யார் ஆரம்பித்தது என்று கேட்பீர்கள். ஒன்றியமே நியமித்த விசாரணைக் குழு, சுவிஸ் தூதர் ஹைடி தல்யாவினி தலைமையில், 2009 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. பெரிய அளவிலான போர் ஜார்ஜியாவின் ஸ்கின்வாலித் தாக்குதலில் தொடங்கியது, அதற்குச் சர்வதேசச் சட்டத்தில் நியாயம் இல்லை, ஆனால் அதற்கு முன்பு நீண்டகாலத் தூண்டுதல் இருந்தது, ரஷ்யாவின் பதிலடியும் தற்காப்பின் எல்லையைத் தாண்டிப் போனது என்று சொன்னது. இரண்டு பக்கமும் தனக்குப் பிடித்த பாதியை மட்டும் மேற்கோள் காட்டும். அந்த அறிக்கையை முழுதாகப் படித்துவிட்டு வகுப்புக்கு வாருங்கள், பாதி வகுப்பைவிட முன்னால் இருப்பீர்கள்.

ரஷ்யக் காவலர்கள் நிற்கும் அந்தக் கோட்டை "எல்லை" என்று எழுதியதற்கு மதிப்பெண் குறைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன், உண்மையா?

என்னுடைய முதல் கட்டுரையில் நடந்ததுதான் அது, இவ்வளவு தூரம் பரவும் என்று தெரியாது.

ஜார்ஜியாவின் பார்வையிலும் ஒன்றியத்தின் பார்வையிலும் அது எல்லை அல்ல. ஒரே நாட்டுக்குள், சோவியத் காலத்தில் உள்நாட்டு நிர்வாகத்துக்காக வரைந்த கோடு. அதனால் ஒன்றியத்தின் ஆவணங்களில் "நிர்வாக எல்லைக்கோடு" என்று மட்டும்தான் வரும். ஜார்ஜியர்கள் "ஆக்கிரமிப்புக் கோடு" என்பார்கள். ஸ்கின்வாலியிலும் மாஸ்கோவிலும் "நாட்டு எல்லை". முள்கம்பி ஒன்றுதான், பெயர் மூன்று. எதைச் சொல்கிறீர்களோ அந்தப் பக்கம் நின்றுவிட்டீர்கள்.

பகுதியின் பெயரும் அப்படியே. ஜார்ஜியாவில் பலர் "தெற்கு ஒசேத்தியா" என்றே சொல்லமாட்டார்கள், "ஸ்கின்வாலி வட்டாரம்" என்பார்கள், ஏனென்றால் 1990 டிசம்பரில் அந்தத் தன்னாட்சிப் பகுதியையே நாடாளுமன்றம் ரத்து செய்துவிட்டது. அப்காசியத் தலைநகரை ஜார்ஜியர் "சுகுமி" என்பார்கள், அப்காசியர் "சுகும்" என்பார்கள். கடைசி ஒற்றை "இ"தான் வித்தியாசம், ஆனால் பேச்சுவார்த்தைக்கு முன் தயாரிக்கும் தாளில் அந்த "இ" இருப்பதா வேண்டாமா என்று பெரியவர்கள் உட்கார்ந்து மல்லுக்கட்டுவார்கள். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. அப்புறம் நம் ஊரில் ஒரு தெருப்பெயரை மாற்றுவதற்கு எத்தனை ஊர்வலம் போனது என்று நினைத்துப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

இந்தப் படிப்பில் நான் கற்ற மிகப் பயனுள்ள பழக்கம் இதுதான்: ஓர் அறிக்கையைக் கையில் எடுத்தால் என்ன சொன்னார்கள் என்பதற்கு முன் எந்தப் பெயரைப் போட்டார்கள் என்று பார்ப்பது.

அந்தக் கண்காணிப்புக் குழு என்னதான் செய்கிறது? சும்மா வேடிக்கை பார்க்கிறார்களா?

இந்தக் கேள்வியைக் கோபமாகக் கேட்பவர்கள் அதிகம், ஜார்ஜியர்களும் கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியக் கண்காணிப்புக் குழு 2008 அக்டோபர் 1 அன்று களத்தில் இறங்கியது. போர் முடிந்து சுமார் ஏழு வாரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆள் திரட்டியது ஒன்றியத்துக்குச் சாதனைதான், சாதாரணமாக ஒரு கமா வைக்கவே அவர்களுக்கு அதைவிட அதிக நாள் ஆகும். தலைமையகம் திபிலீசியில், கள அலுவலகங்கள் கோரி, முத்ஸ்கேதா, சுக்திதி ஊர்களில். கண்காணிப்பாளர்கள் இருநூறு பேருக்கு மேல். ஒருவரிடமும் ஆயுதம் கிடையாது. கோட்டின் அந்தப் பக்கம் போகவும் முடியாது. நாடு முழுவதும் என்பது அவர்களுக்குத் தரப்பட்ட பொறுப்பு, ஆனால் அந்தப் பக்கத்தார் உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள்.

ஐ.நா.வின் கண்காணிப்புக் குழுவை 2009இல் ரஷ்யா தன் ரத்து அதிகாரத்தால் முடித்துவைத்தது, ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் குழுவும் அதே சமயத்தில் வெளியேறியது. மிச்சம் இருப்பது இவர்கள் மட்டும்.

சரி, பயன்? ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்துக்காரர் ஒருவர் ஜோன்ஜோலி பறிக்கக் காட்டுக்குள் போகிறார். ஜோன்ஜோலி என்பது ஒரு காட்டுச்செடியின் பூமொட்டு, ஊறுகாய் போடுவார்கள், நம்ம மாவடு மாதிரி அதற்கென்று உயிரைவிடும் ரசிகர்கள் உண்டு. காட்டில் கோடு எங்கே என்று மரத்தில் எழுதி ஒட்டவில்லை. ரஷ்யக் காவலர்கள் பிடித்து, சட்டவிரோதமாக எல்லை கடந்தார் என்று ஸ்கின்வாலிக்குக் கொண்டுபோகிறார்கள். வீட்டுக்காரர் போலீஸுக்குச் சொல்ல, அது கண்காணிப்புக் குழுவுக்குப் போக, அவர்கள் நடத்தும் அவசரத் தொலைபேசி வழியாக மறுபக்கத்தை அழைத்து, ஆள் உங்களிடம் இருக்கிறாரா, உடம்பு எப்படி, எப்போது விடுவீர்கள் என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் சில நாளில் அபராதம் கட்டி வெளியே வந்துவிடுவார். சிலர் மாதக்கணக்கில் உள்ளே கிடந்ததும் உண்டு. மாடு தொலைந்தாலும் அதே தொலைபேசி, பாசனத் தண்ணீர் நின்றாலும் அதே தொலைபேசி.

இது தவிர எர்க்னெத்தி என்ற ஊரில் இரு தரப்பும் நேருக்கு நேர் உட்காரும் கூட்டம் இருக்கிறது. மேலே ஜெனிவாவில் 2008 அக்டோபரிலிருந்து ஒன்றியம், ஐ.நா., ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பு மூன்றும் கூட்டாகத் தலைமை தாங்கும் பேச்சுவார்த்தை நடக்கிறது. இத்தனை வருடத்தில் பெரிய அரசியல் தீர்வு ஏதும் அதில் பிறக்கவில்லை. ஆனால் கோட்டருகே ஒரு பையன் காணாமல் போன ராத்திரியில் எடுத்துப் பேச ஒரு தொலைபேசி இருக்கிறது. இது போதுமா என்று கேட்டால் போதாது. இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், கோட்டருகே வாழ்கிறவர்களைத்தான் கேட்கவேண்டும், பிரஸ்ஸல்ஸைத் திட்டுவதில் சளைக்காதவர்கள்கூட குழுவின் அந்த நீலச் சின்னம் போட்ட வண்டியைப் போகச் சொல்லி நான் கேட்டதில்லை.

கோட்டை நேரில் போய்ப் பார்க்கலாமா?

தனியாகப் போகாதீர்கள். வழியில் ஜார்ஜியப் போலீஸே திருப்பி அனுப்பிவிடும், அனுப்பாவிட்டால் இன்னும் ஆபத்து. துறையிலிருந்து அழைத்துப் போவார்கள், அதற்குக் காத்திருங்கள். திபிலீசியின் திதுபே நிலையத்திலிருந்து கோரிக்கு மர்ஷ்ருத்கா, அதாவது நம்ம ஷேர் ஆட்டோவின் வேன் அவதாரம், ஒன்றரை மணி நேரத்துக்குள் கொண்டுவிட்டுவிடும். (கோரி ஸ்டாலின் பிறந்த ஊர். அருங்காட்சியகமும் இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் பார்க்கவேண்டியது.)

நாங்கள் எர்க்னெத்திக்குப் போனோம். அங்கே ஒரு பெண்மணி, 2008இல் எரிந்துபோன தன் வீட்டின் அடித்தளத்திலேயே அருங்காட்சியகம் வைத்திருக்கிறார். குண்டுத் துண்டுகள், கருகிய பாத்திரங்கள் எல்லாம் இருக்கும். அதே ஊரில் 2004 வரை பெரிய சந்தை இருந்தது. வரி கட்டாத கள்ளச் சரக்குதான் பாதிக்கு மேல், மாவிலிருந்து பெட்ரோல் வரை. ஆனால் ஜார்ஜியரும் ஒசேத்தியரும் தினம் தோளோடு தோள் உரசிப் பேரம் பேசிய இடம் அது. கடத்தலை ஒழிக்கிறோம் என்று அன்றைய அதிபர் சாகாஷ்விலியின் அரசு அந்த வருடம் மூடியது. சட்டப்படி சரிதான். நான்கு வருடம் கழித்துப் போர். சந்தையை மூடியதால் போர் வந்தது என்று நான் சொல்லவில்லை, ஆனால் நம்பிக்கை வளர்ப்பு என்று இப்போது பல லட்சம் யூரோ செலவில் திட்டம் போட்டு இரு பக்கத்து ஆட்களையும் மூன்றாம் நாட்டு ஓட்டலில் கொண்டுபோய் உட்காரவைக்கும்போது, காசே வாங்காமல் அதைச் செய்த அந்தச் சந்தை ஞாபகம் வரும்.

2009க்குப் பிறகு கோடு மெல்ல மெல்லக் கம்பியாகவும் பச்சைப் பலகையாகவும் பள்ளமாகவும் கேமராவாகவும் மாறியது. 2015இல் ஒர்சோசானி அருகே ஒரு பலகை நகர்ந்ததில் பாக்கு-சுப்சா எண்ணெய்க் குழாயின் சுமார் 1.6 கிலோமீட்டர் அந்தப் பக்கம் போய்விட்டது. குர்வாலெத்தி கிராமத்தில் ஒரு முதியவரின் வீடே கம்பிக்கு அப்பால் மாட்டிக்கொண்டது. அவர் வெளியேற மறுத்து அங்கேயே இருந்து இறந்தார்.

படம் எடுக்கும் முன் அழைத்துப்போனவரிடம் கேளுங்கள். கம்பியைத் தொட்டு செல்ஃபி எடுக்கும் ஆளாக இருந்தால் இந்தப் படிப்பே வேண்டாம்.

அப்காசியாவுக்குள் போகலாமா? கடற்கரை நன்றாக இருக்குமாமே.

2008 அக்டோபரில் வந்த ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகள் சட்டப்படி, ரஷ்யப் பக்கமாக உள்ளே நுழைந்தால் ஜார்ஜியாவில் குற்றம். ரஷ்யாவின் சோச்சியிலிருந்து ஒரு நாள் சுற்றுலா என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். ஜார்ஜியா ஏற்கும் வழி சுக்திதியிலிருந்து எங்குரிப் பாலம் மட்டும், அதற்கும் அந்தப் பக்கத்து அனுமதி வேண்டும். படிப்பு விசாவில் இருப்பவருக்கு என் அறிவுரை: ஆய்வுக்கு உண்மையிலேயே தேவை, வழிகாட்டிக்கும் தெரியும் என்றால் ஒழிய வேண்டாம். கடற்கரை வேண்டுமானால் பதூமிக்குப் போங்கள்.

வேட்பாளர் நாடு என்கிறார்கள், ஐரோப்பாவோடு சண்டை என்றும் செய்தி வருகிறது. எது உண்மை?

இரண்டும். இதனால்தான் இந்தப் படிப்பை இப்போது இங்கே படிப்பது சுவையாகவும் சங்கடமாகவும் இருக்கிறது.

உறவு நன்றாகத்தான் வளர்ந்தது. 2014 ஜூனில் கூட்டிணைவு ஒப்பந்தம், 2017 மார்ச் முதல் ஷெங்கன் நாடுகளுக்கு விசா இல்லாப் பயணம். ஒன்றியத்தில் சேர எல்லா முயற்சியும் எடுக்கவேண்டும் என்று அரசியலமைப்பின் 78ஆம் பிரிவிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்த ஒரு வாரத்தில், 2022 மார்ச் 3 அன்று, உறுப்பினராக விண்ணப்பித்தார்கள். உக்ரைனுக்கும் மால்டோவாவுக்கும் அந்த ஜூனிலேயே வேட்பாளர் நிலை கிடைத்தது, ஜார்ஜியாவுக்கு 2023 டிசம்பரில்தான், அதுவும் ஒன்பது நிபந்தனையோடு. பிறகு எல்லாம் தலைகீழ். 2024 மே மாதம், வெளிநாட்டு நிதி இருபது சதவீதத்துக்கு மேல் வாங்கும் அமைப்புகள் பதிவுசெய்ய வேண்டும் என்ற சட்டத்தை ஆளும் ஜார்ஜியக் கனவுக் கட்சி நிறைவேற்றியது. அக்டோபர் 26 தேர்தல் முடிவை எதிர்க்கட்சிகள் ஏற்கவில்லை. நவம்பர் 28 அன்று, 2028 முடியும்வரை உறுப்பினர் பேச்சுவார்த்தையை நிகழ்ச்சிநிரலில் வைக்கமாட்டோம் என்று பிரதமர் கோபாகிட்சே அறிவித்தார். அன்றிரவே ருஸ்தவேலி நிழற்சாலை நிரம்பியது, தண்ணீர்ப் பீரங்கி, கண்ணீர்ப்புகை, ஒவ்வொரு இரவும்.

இங்கேதான் பாடம் உயிர்பெறும். ஒன்றியம் ஏன் தடை விதிக்கவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். வெளியுறவுத் தடைகளுக்கு எல்லா உறுப்பு நாடுகளும் ஒத்துக்கொள்ளவேண்டும், ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் மறுத்தன, முடிந்தது கதை. ஆனால் விசா என்பது வேறு அலமாரி, அங்கே தகுதிப் பெரும்பான்மை, அதாவது எல்லோரும் இல்லாமல் பெரும்பாலான நாடுகள் ஒத்துக்கொண்டாலே போதும், அதனால் 2025 ஜனவரியில் ஜார்ஜிய அதிகாரிகளின் ராஜதந்திரப் பாஸ்போர்ட்டுக்கு இருந்த விசாச் சலுகையை நிறுத்த முடிந்தது. ஒரே கோபம்தான், எந்த அலமாரியில் எந்தச் சாவி இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் அது வெளியே வரும். ஒருமித்த முடிவு விதியை நான் புத்தகத்தில் மூன்று தடவை படித்திருந்தேன். மண்டையில் ஏறியது அந்தக் குளிர்காலத்தில்தான். பாட்டிக்கும் அலமாரிக் கதையைத்தான் சொன்னேன். அப்படியென்றால் தச்சனை மாற்றச் சொல் என்றார்.

மாணவர்கள் ஆர்ப்பாட்டத்துக்குப் போகலாமா?

உள்ளூர் நண்பர்கள் போவார்கள், உங்களையும் கூப்பிடுவார்கள். நீங்கள் விருந்தாளி. சாலையை மறித்தால் அபராதம் 500 லாரியிலிருந்து (லாரி என்பது ஜார்ஜிய நாணயம், வண்டி அல்ல) 5,000 லாரி ஆனது, அப்புறம் சட்டம் இன்னும் இறுகியது. நான் நடைபாதையில் தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்தேன், அதைப் பற்றி எனக்கு இன்றும் பாதி வெட்கம்தான். ஆனாலும் போகாதீர்கள்.

வகுப்பில் என்ன சொல்லித்தருவார்கள்?

ஒன்றியத்தின் அமைப்புகள், பொது வெளியுறவு மற்றும் பாதுகாப்புக் கொள்கை, விரிவாக்கம், 2004இன் அண்டைநாட்டுக் கொள்கை, 2009இல் பிராகாவில் தொடங்கிய கிழக்குக் கூட்டாண்மை, ரஷ்ய வெளியுறவு, மோதல் தீர்வு, ஆய்வு முறை. ஜார்ஜியா 2005இல் பொலோன்யா முறையில், அதாவது ஐரோப்பிய நாடுகளின் பொது உயர்கல்வி ஏற்பாட்டில், சேர்ந்ததால் முதுகலைக்கு 120 கிரெடிட், ஐரோப்பாவில் எண்ணுவது போலவே. பாடங்கள் ஆங்கிலத்தில், கட்டுரைகள் ஏராளம், மனப்பாடத்துக்கு வேலை இல்லை. ஒன்றியத்தின் முதல் சட்டத்துறைப் பணிக்குழு 2004இல் வந்து இறங்கியதே இந்த ஊரில்தான், அதனால் உதாரணத்துக்குப் பஞ்சம் இல்லை. வழக்குச் சட்டம் பிடிக்கும் என்றால் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2021 ஜனவரியில் ஜார்ஜியா-ரஷ்யா வழக்கில் கொடுத்த தீர்ப்பைப் படியுங்கள். ஐந்து நாள் சண்டை நடந்தபோது யாருடைய அதிகாரமும் செல்லுபடியாகாத குழப்பம், சண்டை நின்ற பிறகு நடந்தவற்றுக்கு ரஷ்யா பொறுப்பு என்று பிரித்தது. வகுப்பில் இரண்டு மணி நேரம் கத்திக்கொண்டோம்.

ஜார்ஜிய மொழி தெரியவேண்டுமா?

படிக்கத் தேவையில்லை, வாழத் தேவை. 33 எழுத்து, பெரிய எழுத்து சிறிய எழுத்து என்ற தொல்லை இல்லை, நம் எழுத்து போலவே சுழித்துச் சுழித்து இருக்கும். இரண்டு வாரத்தில் கடைப்பெயர் வாசிக்கலாம். வணக்கத்துக்கு "கமர்ஜோபா" என்பார்கள், வேர்ச்சொல் வெற்றி. ரஷ்ய மொழி வயதானவர்களிடம் உதவும், ஆனால் இளைஞரிடம் முதல் வார்த்தையாக அதை எடுக்காதீர்கள், முகம் சுருங்கும்.

இடம்பெயர்ந்தவர்களைப் பேட்டி எடுத்து ஆய்வு செய்யலாமா?

செய்யலாம், ஆனால் நிதானம். முத்ஸ்கேதா அருகே நெடுஞ்சாலையோரம் த்ஸெரோவானி என்ற குடியிருப்பு இருக்கிறது. 2008க்குப் பிறகு கோட்டுக்கு அப்பால் போய்விட்ட அகல்கோரிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்காக அவசரமாகக் கட்டியது, ஒரே அச்சில் வார்த்த சின்ன வீடுகள் வரிசை வரிசையாக. அங்கே உள்ளவர்களிடம் இதுவரை எத்தனை மாணவர்கள் எத்தனை வினாத்தாளோடு போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நான் போனபோது ஒரு அக்கா, நான் கேட்பதற்கு முன்பே என் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார். பல்கலைக்கழகத்தின் அறநெறி அனுமதி வாங்குங்கள், பெயர் எழுதாதீர்கள், அந்தப் பக்கம் இன்னும் உறவினர் இருந்தால் ஊர்ப்பெயரையும் எழுதாதீர்கள், ஒரு வரி அவர்களுக்கு வினையாகலாம். திரும்பிப் போக ஆசையா என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள்.

இலங்கையோடு ஒப்பிட்டு ஆய்வு செய்யலாமா?

தமிழ் மாணவர்கள் எல்லோரும் கேட்பது, நானும் கேட்டேன். பொத்தாம்பொதுவாக இரண்டு போர், இரண்டு சிறுபான்மை என்று ஒப்பிட்டால் வழிகாட்டி தாளைத் திருப்பித் தந்துவிடுவார். ஆனால் கூர்மையான ஓர் ஒப்பீடு இருக்கிறது. 2002 போர்நிறுத்தத்தைக் கண்காணித்த இலங்கைக் கண்காணிப்புக் குழுவில் ஐந்து நோர்டிக் (வட ஐரோப்பிய) நாடுகளைச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. உடனே, ஒன்றிய உறுப்பினர்களான சுவீடன், பின்லாந்து, டென்மார்க் நாட்டவர்கள் நடுநிலையாளர் ஆகமாட்டார்கள், வெளியேற வேண்டும் என்று புலிகள் சொன்னார்கள். மூன்று நாடும் விலக, நார்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் மிஞ்சின. பட்டியல் போடுகிற கையும் கண்காணிக்கிற கண்ணும் ஒரே உடம்பில் இருந்தால் என்ன ஆகும் என்பது கேள்வி. ஜார்ஜியாவிலும் ஒன்றியம் ஒரு பக்கத்தின் நிலப்பரப்பு உரிமையை ஆதரித்துக்கொண்டே கண்காணிப்பாளராகவும் இருக்கிறது. இந்த ஒரு முடிச்சை மட்டும் பிடித்துக்கொண்டால் நல்ல ஆய்வேடு வரும். மனசுக்குக் கனமாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ராத்திரி ஆவணங்கள் படிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

விசா, செலவு, சான்றிதழ்?

படிப்பு விசாவில் வந்து, வந்தபின் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வாடகை 2022க்குப் பிறகு எகிறியது, போருக்கும் படைசேர்ப்புக்கும் பயந்து ரஷ்யர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். வெளியுறவுக் கொள்கை வீட்டு வாடகையில் எப்படித் தெரியும் என்பதற்கு அதுவும் ஒரு பாடம்தான். 2025 அக்டோபரில் அரசு அறிவித்த உயர்கல்விச் சீர்திருத்தத்தில் அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதைக் கட்டுப்படுத்தும் திட்டமும் இருந்தது. பணம் கட்டும் முன் சேர்க்கை அலுவலகத்திடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள். ஏஜெண்ட் வாய்வார்த்தையை நம்பாதீர்கள், என்னிடம் ஒருவர் "எல்லாம் பார்த்துக்கலாம் தம்பி" என்றே மூன்று மாதம் ஓட்டினார். இந்தியாவில் பட்டத்தின் சமநிலைக்கு யுஜிசியின் புதிய விதியைப் படித்துவிட்டு வாருங்கள்.

படித்தால் வேலை கிடைக்குமா?

ஒன்றியத்தில் நிரந்தர வேலைக்கு ஐரோப்பியக் குடியுரிமை வேண்டும். கண்காணிப்புக் குழுவின் கண்காணிப்பாளர்களைப் பெரும்பாலும் உறுப்பு நாடுகள்தான் அனுப்புகின்றன. ஐரோப்பிய ஆணையத்தின் புளூபுக் பயிற்சியில் வெளிநாட்டவருக்குச் சில இடங்கள் உண்டு, போட்டி கடுமை. திபிலீசியில் முன்பு ஆய்வு நிறுவனங்களிலும் தொண்டு அமைப்புகளிலும் பயிற்சி எளிதாகக் கிடைக்கும், 2025இல் வெளிநாட்டு மானியம் வாங்க அரசின் ஒப்புதல் வேண்டும் என்று சட்டம் வந்தபின் பல அமைப்புகள் சுருங்கிவிட்டன. என் வகுப்பிலிருந்து ஆய்வுப் படிப்புக்குப் போனவர்கள் உண்டு, பத்திரிகைக்குப் போனவர்கள் உண்டு, ஒருவர் ஒயின் ஏற்றுமதி செய்கிறார், அவர்தான் நன்றாக இருக்கிறார்.

ஆய்வேட்டுக்கு நல்ல தலைப்பு ஒன்று சொல்லுங்களேன்.

எங்குரி அணை. 271.5 மீட்டர் உயர வளைவணை, சோவியத் காலத்தது. அணையும் தண்ணீரும் ஜார்ஜிய அரசின் பக்கம். மின்சாரம் எடுக்கும் டர்பைன்கள் அப்காசியாவின் காலி என்ற பெயருள்ள மாவட்டத்தில். ஒருவர் தண்ணீரை நிறுத்தலாம், இன்னொருவர் எந்திரத்தை நிறுத்தலாம், அதனால் இருவரும் நிறுத்துவதில்லை. மின்சாரத்தில் அறுபது சதவீதம் இங்கே, நாற்பது அங்கே என்று தொண்ணூறுகளில் ஏற்பட்ட ஏற்பாடு, குளிர்காலத்தில் அப்காசியா அதைவிட அதிகம் எடுத்துக்கொள்ளும், கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் வந்தபிறகு இன்னும் அதிகம். 2021இல் சுரங்கத்தைப் பழுதுபார்க்க மூன்று மாதம் மூடினார்கள், அந்த மறுசீரமைப்புக்கு ஐரோப்பிய வளர்ச்சி வங்கியின் கடனும் ஒன்றியத்தின் மானியமும் உண்டு. ஜெனிவாவில் ஒரு வார்த்தைக்கு ஒத்துவராத இருவர் இங்கே தினமும் மின்சாரம் பங்கு போடுகிறார்கள். இரு பக்கத்துப் பொறியாளர்களும் போனில் பேசிக்கொள்வது எந்த மொழியில், எல்லை என்பார்களா கோடு என்பார்களா என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அதைத் தேடிக் கண்டுபிடிக்கிறவர் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.